பச்சை பெயிண்டுக்கு அடியில் பர்மா: ஒரு மயிலாப்பூர் அலமாரியின் கதை

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

இந்த வாரம் கோட்டை கிடையாது, கோயில் கிடையாது, கல்வெட்டு கிடையாது. ஒரே ஒரு அலமாரி. ஏழடி உயரம், ரெண்டு கதவு, கீழே ரெண்டு இழுப்பறை. ஒரு கதவில் முழு நீளக் கண்ணாடி, அதோட ஓரமெல்லாம் ரசம் போயிருக்கு. மயிலாப்பூர் சித்திரகுளம் பக்கத்தில் எங்க பாட்டி வீட்டில், எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலிருந்து கூடத்து மூலையில் நிக்கிற அலமாரி.

அந்த வீட்டை பில்டர்கிட்ட கொடுத்தாச்சு. நம்ம ஊரில் இது யாருக்கும் புது விஷயம் இல்ல. தனி வீடு போகும், நாலு மாடி வரும், நமக்கு ரெண்டு ஃபிளாட் வரும். சாவியைக் கொடுக்க எங்களுக்கு ஆறு வாரம் இருந்துச்சு. அதுக்குள்ள அறுபது வருஷச் சாமானைப் பிரிக்கணும். பழைய மரச்சாமான் எடுக்கிறவர் ஒருத்தர் வந்தார். அலமாரியைத் தட்டிப் பார்த்தார், பின்பக்கம் போய்ப் பார்த்தார், "ஆறாயிரம் தரேன், இன்னிக்கே தூக்கிக்கறேன்"னார். அவர் அவ்வளவு வேகமா விலை சொன்னதுதான் எனக்கு உறுத்துச்சு. "நானே எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டேன்.

என் பிளான் என்னன்னா, அடையாறில் என் வாடகை வீட்டுக்குக் கொண்டுபோய், வெளிர் நீலம் அடிச்சு, ஓரத்தையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பீங்கான் குமிழ் மாட்டி, ஷாபி ஷிக் ஸ்டைலில் மாத்திடலாம்னு. ரீல்ஸ் பார்த்திருப்பீங்க, முப்பது செகண்டில் பாட்டி காலத்துச் சாமான் பாரிஸ் ஆகிடும். பாட்டிகிட்ட போனில் ஒரு படம் காட்டினேன். பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ஏண்டி, தேக்குக்குப் போய் யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?"

இந்த எபிசோட் அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிச்சதுதான். அடிக்கலாமா, கூடாதா? அதுக்குப் பதில் தேடிப் போனா, சான்டா மோனிக்கா, லண்டன், மாண்டலே, காரைக்குடி எல்லாம் போயிட்டுத்தான் மயிலாப்பூருக்குத் திரும்ப முடிஞ்சுது.

பைன் மரத்துக்கு வந்த தீர்வு

முதலில் அந்தப் பேரைப் பார்த்திடலாம். 'ஷாபி'ன்னா நைஞ்சு போனது, 'ஷிக்'ன்னா ஸ்டைலானது. 1980களில் பிரிட்டனில் புழங்க ஆரம்பிச்ச சொல். அதை ஒரு பிராண்டா மாத்தினவர் ரேச்சல் ஆஷ்வெல். இங்கிலாந்தில் பிறந்தவர், 1989-ல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிக்காவில் அதே பேரில் கடை திறந்தார். சந்தையில் வாங்கின பழைய மேசை நாற்காலிக்கு வெள்ளை அடிப்பார், உரிஞ்ச இடத்தை உரிஞ்சபடியே விட்டுடுவார், சோஃபாவுக்குத் துவைக்கிற மாதிரி துணி உறை தைப்பார். அடுத்த வருஷமே, 1990-ல், ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 'சாக் பெயிண்ட்'ங்கற ஒரு பெயிண்டைக் கொண்டுவந்தார். தேய்க்க வேணாம், பிரைமர் வேணாம், பழைய சாமான் மேலயே நேரா அடிக்கலாம். காய்ஞ்ச பிறகு மெழுகு தேய்ச்சா முடிஞ்சுது. வீட்டில் நாமளே செய்யற வேலையா இது பரவினதுக்கு அந்தப் பெயிண்ட் ஒரு பெரிய காரணம்.

ஆனா பெயிண்ட் ஏன்? ஐரோப்பாவில் சாதாரண வீட்டுச் சாமானில் பெரும்பகுதி பைன் மாதிரி மென்மையான மரம். விலை குறைவு, முடிச்சு முடிச்சா இருக்கும். அதுக்குப் பெயிண்ட் அடிக்கறது அழகுக்கும் ஆச்சு, பாதுகாப்புக்கும் ஆச்சு. ஸ்வீடனில் 18-ம் நூற்றாண்டின் கடைசியில், மூன்றாம் குஸ்தாவ் ராஜா காலத்தில், பிரெஞ்சு அரண்மனை பாணியை உள்ளூர் மரத்தில் செஞ்சு வெளிர் சாம்பலும் வெளிர் நீலமும் பூசினாங்க. இன்னிக்கு பின்டெரெஸ்டில் நாம 'சேவ்' பண்ற நிறங்கள் பலதும் அந்த வழியா வந்தவைதான்.

அதாவது, பெயிண்ட் அடிக்கறது ஒரு குறிப்பிட்ட மரத்துக்கு, ஒரு குறிப்பிட்ட ஊரில் கண்டுபிடிச்ச தீர்வு. கேள்வியைப் படிக்காம ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து பதிலை மட்டும் காப்பி பண்ணி, புரொடக்‌ஷனில் போட்டுட்டு நான் மாட்டிக்கிட்ட நாள்கள் உண்டு. இங்கயும் அதையேதான் பண்ணப் போறேனோன்னு முதல் சந்தேகம் வந்துச்சு.

டியூடர் நாற்காலின்னு நம்பினவர்

பழைய மரச்சாமானைப் பார்த்து அதோட கதையைத் தப்பாப் படிச்சது நாம மட்டும் இல்ல. 18-ம் நூற்றாண்டில் லண்டன் பக்கத்தில் ஹொரேஸ் வால்போல்னு ஒரு எழுத்தாளர் இருந்தார். பிரிட்டனின் முதல் பிரதமர்னு சொல்லப்படற ராபர்ட் வால்போலின் மகன். ஸ்ட்ராபெரி ஹில்னு ஒரு வீடு கட்டி, அதை முழுக்க முழுக்க பழங்காலச் சாமானால் நிரப்பினார். அதில் அவர் ரொம்பப் பெருமைப்பட்டது சில கருங்காலி நாற்காலிகளை. கன்னங்கரேல்னு, திருகு திருகா கடைஞ்ச கால், மேலெல்லாம் பூவேலைப்பாடு. எட்டாம் ஹென்றி மாதிரி டியூடர் ராஜாக்கள் காலத்து ஆங்கிலேய நாற்காலின்னு அவர் உறுதியா நம்பினார். அவரைப் பார்த்து மத்த சேகரிப்பாளர்களும் அதே மாதிரி நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கினாங்க. அவர் போன பிறகும் ரொம்ப நாள் அந்த நம்பிக்கை ஓடிச்சு.

உண்மையில் அந்த நாற்காலிகள் செய்யப்பட்டது நம்ம சோழமண்டலக் கடற்கரையில். 17-ம் நூற்றாண்டின் பிற்பாதியில், இங்க வந்த ஐரோப்பியர்களுக்காக இங்க இருந்த தச்சர்கள் கருங்காலியில் செஞ்ச நாற்காலிகள். கப்பலேறிப் போய், கை மாறி, ஏலத்தில் விலைபோய், கடைசியில் 'இங்கிலாந்தின் பழம்பெருமை'யா ஒரு பணக்காரர் வீட்டில் உட்கார்ந்திருச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, மரச்சாமானின் ஸ்டைலைப் பார்த்து நாம ஒரு கதையை முடிவு பண்றோம். மரம் வேற ஒரு கதையை வெச்சிருக்கும். அந்தக் கதையைக் கேட்கணும்னா ஸ்டைலைத் தாண்டி, என்ன மரம், எப்படிக் கோத்திருக்கு, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்திருக்குன்னு பார்க்கணும்.

ஏலம் போட்ட ஊர்

நம்ம வீடுகளுக்கு இந்த மாதிரி சாமான் எப்படி வந்துச்சு? கொஞ்சம் வார்த்தைகளைக் கவனிங்க. மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் போர்ச்சுகீசியச் சொற்களிலிருந்து வந்தவை. பீரோ, பிரெஞ்சுக்காரங்களோட 'ப்யூரோ'. நம்ம பழைய வீடுகளில் இருந்தது பாய், மணை, ஊஞ்சல், பெட்டி, நெல் கொட்டற பத்தாயம். உடுப்பை மாட்டி வைக்க ஏழடி அலமாரிங்கறது கடல் வழியா வந்த பழக்கம்.

இன்னொரு வார்த்தையும் அந்தக் கப்பலில்தான் வந்துச்சுன்னு சொல்றாங்க: ஏலம். போர்ச்சுகீசியத்தில் 'லெய்லாவ்'. சென்னை மாதிரியான ஒரு கம்பெனி ஊருக்கு அது அவ்வளவு முக்கியமான வார்த்தை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருத்தர் இங்க இறந்துபோனா, அவர் சாமான் முழுக்கப் பட்டியல் போட்டு ஏலம் விடுவாங்க. கட்டில், மேசை, கத்தி, கரண்டி, போட்டுக்கிட்ட சட்டை வரைக்கும். மத்த கம்பெனிக்காரங்களே வாங்கிப்பாங்க. அந்தப் பட்டியல்கள் லண்டனுக்குப் போகும், நிறைய இன்னிக்கும் அங்க ஆவணக் காப்பகத்தில் இருக்கு. ஊர் மாறிப் போறவங்களும் அப்படித்தான். ஒரு கப்பலில் ஏழடி அலமாரியைத் தூக்கிட்டு யார் போவாங்க? வித்துட்டுப் போயிடுவாங்க. அந்தக் காலத்து ஆங்கிலோ-இந்திய ஆங்கிலத்தில் ஏலத்துக்கு 'அவுட்க்ரை'ன்னே பேரு. கூவி விக்கறதுன்னு அர்த்தம்.

ஆக, இந்த ஊரில் ஐரோப்பிய பாணி மரச்சாமான், கம்பெனி காலத்திலிருந்தே செகண்ட் ஹேண்டாகத்தான் ஊர் சுத்திக்கிட்டு இருந்திருக்கு. நாம என்னவோ 'ப்ரீ-லவ்டு'ன்னு புதுசா பேர் வெச்சிருக்கோம், அவ்வளவுதான்.

20-ம் நூற்றாண்டுக்கு வந்தா, சென்னையில் ஏலம்னா நினைவுக்கு வர்ற பேரு மர்ரே கம்பெனி. இதில் எனக்குப் பிடிச்ச ஒரு கிளைக்கதை. அதை நடத்தினவர் எஸ். ராஜம். 'மர்ரே ராஜம்'னே அவருக்குப் பேரு. ஏலத் தொழில் நடத்தின அவர்தான் 1950களில் சங்க இலக்கியத்தையும் கம்பராமாயணத்தையும், சாதாரண ஆள் படிக்கற மாதிரி சொற்களைப் பிரிச்சு, மலிவு விலையில் பதிப்பிச்சார். தமிழ் படிச்சவங்க 'மர்ரே பதிப்பு'ன்னு இன்னிக்கும் மரியாதையா சொல்ற புத்தகங்கள். மத்தவங்க வீட்டு மேசை நாற்காலிக்கு விலை கூவின ஒரு கம்பெனியின் பேரில்தான் புறநானூறு மலிவா கிடைச்சிருக்கு.

ஏலத்துக்குப் போக முடியாதவங்களுக்கு மூர் மார்க்கெட் இருந்துச்சு. 1900-ல் திறந்தது, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில். பழைய புத்தகம், கிராமபோன், கடிகாரம், மரச்சாமான் எல்லாம் கிடைக்கும். 1985 மே மாசம் தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு. அந்த இடத்தில்தான் இன்னிக்கு நீங்க கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட் எடுக்கற புறநகர் ரயில் நிலையம் நிக்குது. இப்ப மிச்சம் இருக்கறதில் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை ஒண்ணு. காலையில் சீக்கிரம் போங்க, வெயிலுக்கு முன்னாடி. கால் உடைஞ்ச ஈஸி சேரிலிருந்து, யாரோ வீட்டின் நிலைக்கதவு வரைக்கும் தரையில் கிடக்கும்.

எங்க அலமாரிக்கு வருவோம். பின்பக்கப் பலகையில், வெள்ளை எழுத்தில் 47-ன்னு ஒரு நம்பர் இருக்கு. பாட்டிகிட்ட கேட்டேன். "ஏலத்துல எடுத்ததுடி. உங்க தாத்தா பாரிஸ் கார்னர்ல ஒரு கம்பெனியில குமாஸ்தா. சம்பளம் வந்த வாரம், யார்கிட்டயும் சொல்லாம எடுத்துட்டு வந்து நிறுத்திட்டார். மாட்டு வண்டியில வந்துச்சு. ஒரு மாசம் நான் அவர்கூடப் பேசல." தாத்தாவுக்கு முன்னாடி அது யார் வீட்டில் இருந்துச்சு, யார் கிளம்பினாங்க, யார் இறந்தாங்கன்னு அந்த 47-க்குத்தான் தெரியும்.

தேக்குக்காக ஒரு ராஜ்ஜியம் போச்சு

அடுத்தது மரம். முதலில் ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர்ப் பழைய சாமான் கடையில் எல்லாமே 'பர்மா தேக்கு'தான். கேட்டா விலை ஏறும், அதனால் சொல்வாங்க. பழைய தேக்கு எல்லாமே பர்மா கிடையாது. இன்றைய கேரளத்தில் இருக்கற நிலம்பூர் அப்ப மெட்ராஸ் மாகாணத்தில் இருந்துச்சு. அங்க மலபார் கலெக்டர் கானலி 1840களில் தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு பண்ணார். சாத்து மேனன்ங்கறவர் தலைமையில் நட்டு வளர்த்தாங்க. உலகத்தின் ஆரம்பகாலத் தேக்குத் தோட்டங்களில் ஒண்ணு அது. ஏன் நடணும்? மலபார் காட்டில் இருந்த பெரிய தேக்கையெல்லாம் கப்பல் கட்ட வெட்டித் தீர்த்திருந்தாங்க. ஆங்கிலத்தில் 'டீக்'ங்கற சொல்லே நம்ம 'தேக்கு' போர்ச்சுகீசியம் வழியா போனதுதான்.

இங்க காடு காலியானதும் கண் பர்மா பக்கம் திரும்புச்சு. 1852 போரில் கீழ் பர்மாவை ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். மேல் பர்மா மட்டும் ராஜாவிடம் இருந்தது. அங்கிருந்த காடுகளில் தேக்கு வெட்டும் குத்தகை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு. வெட்டின கட்டைகளைக் குறைச்சுக் கணக்கு காட்டினார்கள்னு பர்மிய அரசவை 1885-ல் அந்தக் கம்பெனிக்குப் பல லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பிரெஞ்சுக்காரர்கள் பர்மாவுக்குள் வந்துவிடுவார்களோன்னு ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த ஆங்கிலேயர்களுக்கு அந்த அபராதம் ஒரு நல்ல சாக்கு. நவம்பரில் படை கிளம்பியது, மாதம் முடிவதற்குள் மாண்டலே விழுந்தது. 1886 ஜனவரி 1-ம் தேதி மேல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்தது. கடைசி ராஜா தீபா, ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டு 1916-ல் அங்கேயே இறந்தார். மரக்கட்டைக் கணக்கில் ஆரம்பிச்ச தகராறு ஒரு ராஜ்ஜியத்தையே முடிச்சது.

அந்த மரம் எப்படி வரும் தெரியுமா? காட்டில் தேர்ந்தெடுத்த மரத்தின் அடியைச் சுத்தி, பட்டையையும் அதுக்குக் கீழே இருக்கற வெளிமரத்தையும் வளையமா வெட்டி விட்டுடுவாங்க. மரம் நின்னபடியே செத்து, ரெண்டு மூணு வருஷம் காயும். ஏன்னா பச்சைத் தேக்கு தண்ணியில் மூழ்கிடும். காய்ஞ்ச பிறகுதான் மிதக்கும். அப்புறம் சாய்ச்சு, யானை வெச்சு ஓடைக்கு இழுத்து, மழை வெள்ளத்தில் விட்டு, ஐராவதி வழியா ரங்கூன். அங்கிருந்து கப்பலில் கல்கத்தா, மெட்ராஸ், லண்டன். நூறு வருஷத்துக்கும் மேல் நின்ன மரங்கள் அதில் சர்வ சாதாரணம்.

பர்மாவுக்கும் நமக்கும் நடுவில் இன்னொரு பாலம், நகரத்தார். செட்டிநாட்டிலிருந்து போய் ஐராவதி டெல்டாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத நிலம். 1938-ல் அது 25 சதவீதம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயி அதை எப்படிப் பார்த்திருப்பார்னு யோசிச்சுப் பாருங்க. இந்தப் பக்கம், பர்மாவில் சம்பாதிச்ச பணமும் பர்மாவின் தேக்கும் சேர்ந்து செட்டிநாட்டில் வீடுகளா எழும்பிச்சு. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், ஒரு யானை நுழையற அளவு நிலைக்கதவுகள்.

1942-ல் ஜப்பான் வந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள், நிறையப் பேர் நடந்தே. 1948-ல் விடுதலை அடைந்த பர்மா, நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்து கடை, கம்பெனி எல்லாம் அரசுடைமை ஆனதும் மறுபடியும் லட்சக்கணக்கில் திரும்பினார்கள். நம்ம பாரிமுனை பர்மா பஜார் அவங்க போட்ட கடைகள்தான். செட்டிநாட்டு வீடுகளுக்கு வருமானம் நின்னுபோச்சு. ஒரு வீட்டுக்கு முப்பது நாப்பது பங்காளிகள், ஓடு மாத்தக்கூட காசு சேராது. தூண் தூணா, கதவு கதவா பிரிச்சு வித்தாங்க. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளே ஒரு தெருவா ஆச்சு. நம்ம ஈசிஆரில், முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் இருக்கற செட்டிநாட்டு வீடும், அப்படிப் பிரிச்ச வீட்டைக் கொண்டுவந்து திரும்பக் கோத்ததுதான்.

சென்னையிலும் அதேதான் நடந்துச்சு, இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு. 1920களில் 'லாங் டேங்க்' ஏரியைத் தூர்த்து தி.நகர் போட்டாங்க. அங்க தோட்டத்தோட தனி வீடுகள் வந்துச்சு. அந்த வீடுகள் இப்ப துணிக்கடையாவும் ஃபிளாட்டாவும் ஆகிடுச்சு. ஃபிளாட்டோட லிஃப்டில் ஏழடி அலமாரி ஏறாது. கோத்ரெஜ் 1923-லயே இரும்பு பீரோ செய்ய ஆரம்பிச்சாச்சு. கரையான் அரிக்காது, பூட்டு பலம். கல்யாணச் சீருக்கு இரும்பு பீரோன்னு ஆனதும், மர அலமாரி பின்கட்டுக்குப் போச்சு, அப்புறம் தெருவுக்கு. மியான்மர் 2014-ல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியையே நிறுத்திடுச்சு. ஆக, இந்தப் பழைய சாமான்தான் இப்ப நம்ம ஊரில் இருக்கற தேக்குக்காடு. ஆறாயிரம் ரூபாய்க்கு அவர் ஏன் அன்னிக்கே தூக்கப் பார்த்தார்னு இப்ப புரியுதா?

பெயிண்டைச் சுரண்டினப்போ

இவ்வளவும் படிச்சுட்டு, பாட்டி சொன்னது சரிதான்னு முடிவு பண்ணிட்டேன். பெயிண்ட் கிடையாது, பாலிஷ் மட்டும். தெரிஞ்ச தச்சர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். அறுபது வயசு இருக்கும். அலமாரியைப் பார்த்தவர், கதவை விட்டுட்டு முதலில் இழுப்பறையை முழுசா வெளியே இழுத்து, கவிழ்த்து வெச்சார். மூலையில் பலகைகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பல் மாதிரி கோத்திருக்கு, ஒரு ஆணி இல்ல. "கை வேலை பாப்பா"ன்னார். அப்புறம் கதவைச் சுரண்டிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

நாங்க இவ்வளவு நாள் தேக்குன்னு பார்த்துக்கிட்டு இருந்த அந்தப் பழுப்பு நிறம், தேக்கே இல்ல. பெயிண்ட். கடையில் 'தேக்கு கலர்'னு விக்கற பெயிண்ட். அதுக்குக் கீழே இன்னொரு பெயிண்ட், அடர் பச்சை எனாமல். அதுக்கும் கீழே, கறுத்துப்போன பழைய ஸ்பிரிட் பாலிஷ். அதுக்கும் கீழேதான் மரம். தச்சர் உள்பக்கம் ஒரு இடத்தில் இழைப்புளியை லேசா ஓட்டினார். எண்ணெய் வெச்ச தோல் மாதிரி ஒரு வாசனை. "தேக்குதான். பர்மாவா நிலம்பூரான்னு நான் சொன்னா அது பொய்"ன்னார். அந்த நேர்மைக்காகவே அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாம கொடுத்தேன்.

பாட்டிகிட்ட போய்க் கேட்டேன். கொஞ்சம்கூடத் தயங்காம சொன்னாங்க: "பச்சை உங்க தாத்தா அடிச்சது. பொங்கலுக்கு ஜன்னலுக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சு. பழுப்பு, உங்கப்பா கல்யாணத்துக்கு அடிச்சது. பச்சை பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சு."

"அப்ப தேக்குக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களான்னு என்னைக் கேட்டீங்களே?"

"அதான், நாங்க அடிச்சுட்டோம்ல. நீயும் அடிக்கணுமா?"

என்கிட்ட பதில் இல்ல. ஆனா இங்கதான் என் முடிவு மறுபடியும் ஆடிப்போச்சு. எது 'ஒரிஜினல்'? ரங்கூனில் ஏத்தின தேக்கா, ஏலத்துக்கு வந்த பாலிஷா, பொங்கல் பச்சையா, கல்யாணப் பழுப்பா? ஒவ்வொரு தலைமுறையும் கைக்குக் கிடைச்சதை வெச்சு அந்த அலமாரியைத் தன் வீட்டுச் சாமானா ஆக்கிக்கிட்டிருக்கு. அதுவும் வரலாறுதான். என் வெளிர் நீலத்தை மட்டும் குத்தம்னு சொல்ல முடியல.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லணும், இது உடம்பு சம்பந்தப்பட்டது. பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாதுங்கற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்துச்சு. அதனால் ரீல்ஸில் காட்டற மாதிரி பழைய பெயிண்டைக் காய்ஞ்சபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. அந்தத் தூள் மூச்சில் போகும், தரையில் படியும். வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா அந்த வேலையை வீட்டுக்குள்ள செய்யவே செய்யாதீங்க. சூட்டுத் துப்பாக்கியும் வேணாம், புகை வரும். பெயிண்ட் ரிமூவர் போட்டு, ஈரமா வெச்சே சுரண்டி, நல்ல மாஸ்க் போட்டுக்கிட்டு, திறந்த இடத்தில் செய்யுங்க. துடைச்ச துணியைத் தனியாக் கட்டிப் போடுங்க.

அன்டூ இருக்கா?

கடைசியில் எனக்குப் பதில் கிடைச்சது அந்த மூணாவது அடுக்கில், ஸ்பிரிட் பாலிஷில். பிரெஞ்சு பாலிஷ்னும் சொல்வாங்க. பேருதான் பிரெஞ்சு, சரக்கு நம்ம அரக்கு. மகாபாரதத்தில் பாண்டவர்களைக் கொளுத்தறதுக்குக் கட்டின அரக்கு மாளிகை இருக்கே, அதே அரக்கு. புரசு, இலந்தை மாதிரி மரங்களில் வாழற ஒரு பூச்சி சுரக்கிற பிசின். இன்னிக்கும் ஜார்க்கண்ட் பக்கம் நிறைய விளையுது. பழைய கிராமபோன் தட்டு செஞ்சதும் இதில்தான். அதைச் சுத்தம் பண்ணி ஸ்பிரிட்டில் கரைச்சு, துணிப் பந்தில் தொட்டு, வட்டம் வட்டமா தேய்ச்சுக்கிட்டே இருந்தா, கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும்.

அரக்குக்கு ஒரு குணம் உண்டு. எத்தனை வருஷம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டா பெரும்பாலும் திரும்பக் கரையும். அதாவது, அன்டூ உண்டு. அதே அரக்கை முதலில் ரெண்டு கோட் கொடுத்துட்டு அதுக்கு மேல் பெயிண்ட் அடிச்சா, பெயிண்ட் மரத்தின் நாரில் இறங்காது. தேக்கின் எண்ணெய்க் கறையும் வெளிர் நிறத்தில் ஊறி வராது. நாளைக்கு யாராவது உரிக்கணும்னா சுலபமா உரியும். தச்சர் இதைக் கேட்டுட்டு, "இதைத்தானே நாங்க அந்தக் காலத்துலேர்ந்து பண்றோம்"னார். நான் ஏதோ கண்டுபிடிச்ச மாதிரி சொன்னதுக்குக் கிடைச்ச மரியாதை.

நான் வேலையில் கத்துக்கிட்டது ஒண்ணு. வேற யாரோ எழுதின பழைய கோடில் கை வைக்கறதுக்கு முன்னாடி, அது ஏன் அப்படி இருக்குன்னு படி. கை வெச்சா, திரும்பிப் போக வழி வெச்சுக்கிட்டு வை. அலமாரிக்கும் அதேதான். கையால் கோத்த தேக்கு, ஈட்டி, கருங்காலின்னு தெரிஞ்சா, பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிங்க. அடிச்சே ஆகணும்னா அடியில் அரக்கு கொடுங்க. மாமரம், பிளைவுட், ரப்பர் மரம், பேர் தெரியாத நாட்டு மரம்னா, தாராளமா அடிங்க. தெருவுக்குப் போக இருந்த ஒரு டீப்பாய் இன்னும் இருபது வருஷம் வாழ்ந்துட்டுப் போகட்டுமே.

எங்க அலமாரி இப்ப அடையாறில் இருக்கு. லிஃப்டில் ஏறல. மேல் பாகத்தையும் கீழ் பாகத்தையும் தனித்தனியாக் கழட்டி, நாலு பேர் படியில் தூக்கினாங்க. கழட்ட முடியும்னே எங்களுக்கு அறுபது வருஷமாத் தெரியாது, செஞ்சவருக்குத் தெரிஞ்சிருக்கு. வெளிப்பக்கம் பழுப்பையும் பச்சையையும் எடுத்துட்டு அரக்கு பாலிஷ் போட்டாச்சு. வெளிர் நீலம், உள்ளே தட்டுகளுக்குப் பின்னாடி மட்டும், அரக்குக்கு மேல். கதவின் உள்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தாத்தாவோட பச்சையைச் சுரண்டாம, மேல அரக்கு பூசி மூடி விட்டிருக்கோம். பின்னாடி 47 அப்படியே இருக்கு. பாட்டி வந்து பார்த்தாங்க. கதவைத் திறந்து, நீலத்தைப் பார்த்து, "உள்ளதானே, பரவாயில்ல"ன்னாங்க. அப்புறம் அந்தப் பச்சையை விரலால் தடவிட்டு, கதவைச் சாத்திட்டாங்க.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டில் இருக்கற பழைய மரச்சாமான் ஏதாவது ஒண்ணை எடுங்க. இழுப்பறையை முழுசா வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்க, பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. நம்பர், பேரு, பழைய நிறம், ஏதாவது இருக்கும். அதை எடுத்துட்டுப் போய் வீட்டில் வயசானவங்ககிட்ட கேளுங்க. பில்டருக்குச் சாவி கொடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. கிடைச்ச கதையை எனக்கு அனுப்புங்க, நல்லதா இருந்தா அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம். வணக்கம்.